கானாய் ஹால்தாரின் மீட்டர்

கானாய் ஹால்தார் நெயில் பாலிஷ் வாங்க வந்தால் ராணாகாட் கடைத்தெருவில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு புட்டி, எப்போதும் அதே ரத்தச் சிவப்பு. டோட்டோ வண்டி ஸ்டாண்டில் மட்டும் இளிப்பார்கள்.

"இந்தத் தடவை யாருக்கு அண்ணே?"

"உன் சார்ஜருக்குத்தான்டா. வண்டிக்காரன் மூஞ்சிதான் இப்படி ஆயிடுச்சு, சார்ஜராவது அழகா இருக்கட்டும்."

அழகுக்கு இல்லை. சார்ஜரைத் திறந்தால் உள்ளே ஒரு கடுகளவு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் வோல்ட் ஏறும், இறங்கும். வேண்டிய இடத்தில் நிறுத்தி, திருகின் தலையில் ஒரு சொட்டு சிவப்பு வைப்பார். காய்ந்துவிட்டால் திருகு அசையாது. யாராவது கை வைத்திருந்தால் சிவப்பு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். உடையாத சிவப்பு இருந்தால் அது கானாயின் பொறுப்பு. எழுதிக் கொடுக்காத உத்தரவாதம். ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

இருபது வயதில் ரேடியோ பழுது பார்த்தவர். ரேடியோ போனதும் டிவி. டிவியும் தட்டையாகி, கெட்டால் தூக்கிப் போடும் சாமானாக ஆனபோது ஊருக்குள் டோட்டோ வந்தது. சத்தமில்லாமல் ஓடும் மூன்று சக்கர பேட்டரி வண்டி. முதலில் ஆசிட் பேட்டரிகளில் ஓடியது. பிறகு வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக லித்தியத்துக்கு மாறினார்கள். உள்ளூரில் பழைய செல்களைச் சேர்த்துக் கட்டிய பெட்டிகள். அளவு மீறாமல் காக்க உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகை இருப்பதாகச் சொல்லி விற்பார்கள், இருந்தாலும் பேருக்குத்தான். பேட்டரிக்கே காசு கரைந்துவிடுவதால் சார்ஜர் பழையதே போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆசிட் பேட்டரி சார்ஜர் ஐம்பத்தொன்பது வோல்ட் வரை தள்ளும். லித்தியம் பெட்டிக்கு ஐம்பத்து நாலு புள்ளி ஆறுதான் வயிறு. அந்த இடைவெளியில்தான் கானாயின் பிழைப்பு. திருகை இறக்குவார், நிறைந்ததும் இணைப்பைத் துண்டிக்க ஒரு சின்ன ரிலே வைப்பார், சிவப்பு வைப்பார்.

புதிதாக வருகிறவர்களுக்கு இப்படித்தான் விளக்குவார்: "ஆசிட் பேட்டரி பந்தியில கூச்சமில்லாம சாப்பிடுறவன். அதிகமாப் போட்டா ஏப்பம் விடுவான், மறுநாள் கொஞ்சம் தண்ணி ஊத்தினா சரியாயிடும். லித்தியம், மாமியார் வீட்டு விருந்துக்குப் போன மாப்பிள்ளை. போதும்னு சொல்ல வாய் வராது. போட்டதையெல்லாம் வாங்கி உள்ள வச்சுக்குவான். அப்புறம் வீட்டோட சேர்த்து வெடிப்பான்."

அவருடைய மகள் சுதபா பூனாவில் ஒரு பேட்டரி பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஒவ்வொரு மீட்டரின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எப்போது சரிபார்த்தது, யார் சரிபார்த்தது, அடுத்தது எப்போது. சீட்டு இல்லாத மீட்டரைத் தொடக்கூடாது. கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டால் அப்பாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழில் என்பாள். அது பொய்யில்லை. அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

சென்ற துர்கா பூசைக்கு வந்திருந்தபோது கடைச் சுவரைப் பார்த்தாள். கரிக்கட்டியால் பெரிதாக 56 என்று எழுதியிருந்தது.

"பாபா, இது என்ன?"

"அதுவா? லித்தியத்துக்கு வைக்கிற கணக்கு."

"அம்பத்தாறா? பதிமூணு செல்லுக்கு அம்பத்தி நாலு புள்ளி ஆறு. அதுக்கு மேல ஒரு பொட்டு கூடாது. ஊரைக் கொளுத்தப் பாக்கறீங்களா?"

"என் மீட்டருக்கு அம்பத்தாறு, மா. இது பொய் சொல்லும். ஆனா தினமும் ஒரே பொய்தான் சொல்லும். நான் பழகிட்டேன். நீ விடு."

அவள் விடவில்லை. கிளம்பும் நாள் காலை, பூசை முடிந்த துவாதசி அன்று, அவர் மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். அவள் அந்த மீட்டரைத் திறந்தாள். ஒன்பது வோல்ட் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ உடைந்த பெட்டியிலிருந்து பிடுங்கிய இரண்டு செல்கள் கறுப்பு டேப்பில் சுற்றித் திணிக்கப்பட்டிருந்தன. ஆறரை வோல்ட் வந்தால் அதிகம். மீட்டரின் முகத்தில் பேட்டரி குறைந்ததற்கான அடையாளம் எரிந்துகொண்டே இருந்தது. எத்தனை வருடமாக எரிகிறதோ.

அவளுக்கு முகம் சூடானது. யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் சூடானது. கூடத்தில் யாராவது இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. தெருமுனைக் கடையில் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாள். பழைய செல்களைக் குப்பைக் கூடையில் எறிந்தாள். அடையாளம் அணைந்தது. சொன்னால் சண்டை வரும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். ரயிலில் மறந்துபோனாள்.

காளி பூசை கழிந்து பத்தாம் நாள், ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் பலாய் மண்டலின் டோட்டோ எரிந்தது. விடியற்காலை, தகரக் கொட்டகையில், கானாய் சிவப்பு வைத்த சார்ஜரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது. மனைவியையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளிவிட்டு, வண்டியை இழுக்கப் போனான். உருகிய இருக்கை உறை வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

மூன்று நாள் கழித்துத்தான் சுதபாவுக்குத் தெரிந்தது. தொலைபேசியில் கேட்டாள்.

"பாபா, அம்பத்தாறுதானே வச்சீங்க?"

"ஆமா மா."

"எத்தனை தடவை சொன்னேன்? படிச்சவ சொன்னா கேக்கக்கூடாதா? அந்த ஆளுக்குக் கை போயிருக்கு!"

அந்தப் பக்கம் மீன் பொரியும் ஓசை கேட்டது.

"தப்புதான் மா," என்றார். "நீ சாப்பிட்டியா?"

தை மாதம், சரஸ்வதி பூசைக்கு மறுநாள், கானாய் ஹால்தார் மாரடைப்பில் இறந்தார். சூர்ணி ஆற்றங்கரையில் கொள்ளி வைத்தவள் சுதபா. ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர்தான் வந்தார்கள். பலாய் வரவில்லை.

எட்டாம் நாள் கடையைத் திறந்தாள். கோரா வெள்ளைப் புடவை, வெறுங்கால், ஒரு வேளை மட்டும் பச்சரிசிச் சோறும் வாழைக்காயும் தின்ற சோர்வு. தீட்டு நாட்களில் பிறர் ஆசனத்தில் உட்காரக் கூடாது என்பதால் கொண்டுவந்த கம்பளித் துண்டை அவருடைய முக்காலியில் விரித்து உட்கார்ந்தாள்.

சுவரில் 56 கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கீழே 54.6 என்று புதிதாக எழுதியிருந்தது. கடைசியில் என் பேச்சைக் கேட்டிருக்கிறார் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு சின்னத் திருப்தி கூட இருந்தது. பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

மேசையில் ஒரு அட்டை. அதில் அவர் கையெழுத்தில் ஏழு பெயர்கள். பலாயின் பெயர் முதலில். ஆறு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. ஏழாவது ஜாஹானாரா, அடிக்கப்படவில்லை. பெயர்களுக்கு மேலே ஒரே ஒரு வரி: துவாதசிக்குப் பிறகு செய்தவை.

துவாதசிக்குப் பிறகு. அதற்கு முன்னால் நூறு சார்ஜராவது செய்திருப்பார். அவற்றைத் திருத்துவதற்காகத் திரும்ப வாங்கவில்லை. ஏன் இந்த ஏழு மட்டும்?

அட்டைக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. திறந்தாள். கறுப்பு டேப் சுற்றிய இரண்டு செல்கள்.

அலமாரியில் துணி சுற்றிய ஒரு பொருள் இருந்தது. கம்பெனியிலிருந்து வந்த புது லித்தியம் சார்ஜர். யாருக்கும் விற்காமல், யாருக்கும் இரவல் தராமல் வைத்திருந்தார். நெற்றியில் 54.6 என்று அச்சாகியிருந்தது. சுதபா அதைச் செருகி மீட்டரை வைத்தாள். 54.6 காட்டியது. மீட்டரிலிருந்து தான் போட்ட பேட்டரியைக் கழற்றி, தீப்பெட்டிச் செல்களை வைத்தாள். பேட்டரி அடையாளம் எரிந்தது. மறுபடி வைத்தாள்.

56.0.

செல்கள் பலவீனமானவை. பலவீனமான பேட்டரி போட்ட மீட்டர் அதிகமாகக் காட்டும். இது அவள் துறையில் முதல் மாதத்தில் சொல்லித் தரும் பாடம். தெரிந்த ஒன்றை அளந்து, மீட்டர் எவ்வளவு தவறுகிறது என்று கண்டு, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது. அந்தச் சீட்டுகள் ஒட்டிய கூடத்தில் செய்வதும் அதுதான். அவர் அதைக் கரிக்கட்டியால் சுவரில் எழுதி வைத்திருந்தார். அந்த 56 சரி. அவள் பேட்டரியை மாற்றும்வரை சரி. அதன் பிறகு மீட்டர் உண்மை பேசியது, அவர் பழைய பொய்க்கு வைக்கும் 56-ஐயே வைத்தார். பேட்டரி அடையாளம் அணைந்ததைக் கவனித்திருக்க மாட்டார். அது எரிந்துகொண்டிருந்தபோதே அதைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

தீ பிடித்த பிறகு மீட்டரைத் திறந்திருக்கிறார். புதுப் பேட்டரியைப் பார்த்திருக்கிறார். வாரக்கணக்கில் கொட்டாத குப்பைக் கூடையைக் கிளறிச் செல்களை எடுத்திருக்கிறார். யார் மாற்றினார்கள், எந்த நாள் என்று அவருக்குத் தெரியும். துவாதசி. அதன் பிறகுதான் அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

தப்புதான் மா. நீ சாப்பிட்டியா?

வாசலில் நிழல் விழுந்தது. பலாய். வலது கையைச் சால்வைக்குள் வைத்திருந்தான்.

"சாவு வீட்டுக்கு வரல. மன்னிச்சுக்க, மா," என்றான். "ஒரு பழைய ஹாரன் குடுத்திருந்தேன். இருந்தா எடுத்துக்கறேன்."

"உள்ள வாங்க, சித்தப்பா."

அவன் வாசலிலேயே நின்றான். "உங்கப்பா கெட்டவர் இல்ல. கண்ணு மங்கிப் போச்சு, அவ்வளவுதான். அவரே ஒத்துக்கிட்டார். ஸ்டாண்டுல எல்லாரும் பாக்க என் சார்ஜரைத் திறந்தோம். சிவப்பு உடையல. வேற மீட்டர் வச்சா அம்பத்தாறு. இப்ப என்ன சொல்றீங்கன்னு கேட்டோம். கைகட்டி நின்னு, கண்ணு சரியில்ல, நம்பரைத் தப்பாப் படிச்சிட்டேன்னாரு. வேற பேட்டரி வாங்கிக் குடுத்தாரு. இருந்தாலும் யாரு வருவா சொல்லு? கண்ணு தெரியாதவன்கிட்ட நெருப்பை யாரு குடுப்பா?"

அவருக்கு ஊசியில் நூல் கோக்கும் கண். போன பூசைக்கு அவளுடைய ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தவர் அவர்தான். சுதபா அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவன் சால்வைக்குள் இருந்த கையைப் பார்த்தாள். சொல்லாமல் மேசையிலிருந்த அட்டையை எடுத்தாள்.

"இந்த ஜாஹானாரா யாரு?" என்று கேட்டாள்.

"டோட்டோ ஓட்டுமே அந்தப் பொம்பளையா? சாக்தாவுக்குப் போயிடுச்சு, மாமியாரோட. போன் நம்பரும் மாத்திடுச்சு. உங்கப்பா ரெண்டு தடவை போய்த் தேடினாரு. அங்க ஸ்டாண்டுல விசாரிச்சா தெரியாதுன்னுட்டாங்களாம்." அவன் தரையைப் பார்த்தான். "அது ஸ்டாண்டுல நிக்கிறதில்ல. ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்துது. பெண்கள் பள்ளிக்கூடத்து வாசல்ல. போன மாசம் ரயில்ல பாத்தேன், சொல்லிச்சு."

"பாபாகிட்ட சொன்னீங்களா?"

"நாங்க பேசுறதில்லையே."

ஹாரனை இடது கையால் வாங்கிக்கொண்டு போனான்.

சாக்தா இரண்டாவது நிறுத்தம். பதினைந்து நிமிடப் பயணம். பையில் கம்பளித் துண்டு, மீட்டர், திருப்புளி, நெயில் பாலிஷ், அந்தத் தீப்பெட்டி. புதுப் பேட்டரியையே மீட்டரில் போட்டுக்கொண்டாள். ரயிலில் கடலை விற்கிறவன் அவள் புடவையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள முடியாமல் சாக்தா வரை நின்றுகொண்டே போனாள்.

பள்ளி விடும் நேரம். பச்சை டோட்டோவில் ஒன்பது சிறுமிகள் அடைந்திருந்தார்கள். முன்னால் ஹேண்டிலைப் பிடித்தபடி ஒரு ஒடிசலான பெண், நாற்பது இருக்கும், வெற்றிலை வாயோடு ஒரு காவலரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது பேரா? எண்ணிப் பாரு, எல்லாம் சேர்ந்து உன் தொப்பை எடை வராது!"

சுதபா பக்கத்தில் போனாள். "ஜாஹானாரா அக்கா? நான் ராணாகாட் கானாய் ஹால்தாரோட பொண்ணு."

ஜாஹானாரா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோரா புடவை, வெறுங்கால். வெற்றிலையை ஓரமாகத் துப்பினாள்.

"எப்ப?"

"எட்டு நாளாச்சு."

"அடக் கடவுளே. கடைக்குப் போனா சிரிக்க வச்சே அனுப்புவாரே." பிறகு கண் சுருங்கியது. "அதைச் சொல்லவா இவ்வளவு தூரம்?"

"உங்க சார்ஜர். அதை உடனே பாக்கணும். தயவுசெஞ்சு."

பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரே அறை. கட்டிலில் மாமியார் படுத்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில், கைக்கெட்டும் தூரத்தில், சார்ஜர். ஒயர் ஜன்னல் வழியாக வாசலில் நிற்கும் வண்டிக்குப் போகும். சுதபா வாசலுக்குப் போனாள்.

வண்டியின் இருக்கையைத் தூக்கி முதலில் பேட்டரியைப் பார்த்தாள். ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது.

"முழுசா நிறைஞ்சு, ரிலே டிக்குன்னு வெட்டி நிக்குமா?"

"யாரு அதுவரைக்கும் விட்டா? விடியல் தொழுகைக்கு எழுந்ததும் பிடுங்கிடுவேன். கிழவிக்கு அந்த சார்ஜர் விசிறி சத்தம் ஆகாது."

ஒருநாளும் முழுதாக நிறைய விடாததால்தான் இந்த வீடு நின்றுகொண்டிருக்கிறது. வேறு எதனாலும் இல்லை. சுதபா சார்ஜரைத் திறந்தாள். திருகின் தலையில் சிவப்புச் சொட்டு, உடையாமல், உருண்டையாக. எப்போதும் அவர் வைக்கும் அளவு. மீட்டரை வைத்தாள். 56.0.

நகத்தால் சிவப்பைச் சுரண்டினாள். சுரண்டும்போது கண்ணீர் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு திருகை இறக்கினாள். 54.6. புதுச் சொட்டு வைத்தாள். சொட்டு பெரிதாகிப் பலகையில் வழிந்தது.

ஜாஹானாரா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பலாய் வண்டி எரிஞ்சது கேள்விப்பட்டேன். கண்ணு தெரியாம வச்சிட்டாராமே. இதுவும் அதே குறைதானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே சொன்ன பொய்தான். அவரே ஒத்துக்கொண்ட பழிதான். ஏழாவது பெயரையும் அடித்துவிட்டு பூனாவுக்குப் போயிருக்கலாம்.

"இல்ல அக்கா. அவர் கண்ணு நல்லாத்தான் இருந்தது. அவரோட மீட்டரை அவருக்குத் தெரியாம நான் மாத்தினேன். சொல்லல. அதுல வந்த குறை இது. பலாய் சித்தப்பா கையும் அதுலதான் போச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஊர் நடுவுல கைகட்டி நின்னாரு?"

சுதபா தலையசைத்தாள்.

"நீ எங்க இருந்த?"

"போன்ல அவரைத் திட்டினேன்."

மாமியார் கட்டிலில் புரண்டு படுத்தாள். ஜாஹானாரா சார்ஜரை எடுத்து ஜன்னலுக்கு வெளியே திண்டில் வைத்தாள்.

"எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? நான் அந்தக் கூட்டத்துல நிக்கல. நின்னவங்ககிட்ட போய்ச் சொல்லு. தண்ணி குடிச்சிட்டுப் போ. தீட்டுல தண்ணி குடிக்கலாமில்ல?"

"பேட்டரி உப்பியிருக்கு அக்கா, இனி அதைப் போடாதீங்க. வேற நான் அனுப்பறேன்."

"அனுப்பாம விட்டா வந்து பிடிச்சு இழுப்பேன். பூனா என்ன நிலாவிலயா இருக்கு?"

ராணாகாட் ஸ்டாண்டில் மாலை ரயிலுக்குப் பதினைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. டீக்கடை பெஞ்சில் பலாய் இடது கையில் மண் கிண்ணம் பிடித்திருந்தான். சுதபா அவன் எதிரில் நின்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

நினைத்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. மீட்டர், செல்கள், துவாதசி என்று பரிசோதனை அறிக்கை படிப்பது போல வரிசையாகச் சொன்னாள். பார்வை அவன் செருப்பில் இருந்தது. நடுவில் யாரோ, "அப்ப அண்ணன் பொய் சொன்னாரா?" என்றார்கள். வேறு யாரோ, "சும்மா இருடா," என்றார்கள். அவள் முடித்தாள். தீப்பெட்டியைப் பெஞ்சில் வைத்தாள்.

யாரும் அதைத் திறக்கவில்லை.

"மூணு மாசம்," என்றான் பலாய். "தினமும் இந்த வழியாத்தான் போவாரு. நின்னு, சாப்பிட்டியாடான்னு கேப்பாரு. நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன்." கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஜாஹானாரா சாக்தாவுல ஸ்கூல் வாசல்ல நிக்கிறது தெரிஞ்சும் சொல்லல. தேடட்டும்னு இருந்தேன். தேடி அலையட்டும்னு."

சால்வையிலிருந்து வலது கை வெளியே வந்தது. விரல்கள் மூடவில்லை. அவள் பார்க்கும்படி அதை முழங்கால் மேல் வைத்தான்.

"உன்கிட்ட எனக்குக் கோபம் இருக்கு. அது இன்னிக்குப் போகாது. எப்பப் போகும்னும் தெரியாது."

"சரி, சித்தப்பா."

"காரியம் என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

ரயில் வந்தது. ஆட்கள் இறங்கி வரத் தொடங்கினார்கள். வரிசையில் ஒரு வண்டியும் நகரவில்லை.

"வர்றோம்," என்றான். "எல்லாரும் வர்றோம். அவர் போட்டோவுக்கு முன்னாடி நான் என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

அவளுக்கும் தெரியவில்லை.